பூந்தமல்லியில் ஒரு படகுப் பயணம்

காலை எட்டரை மணிக்குக் கள்ளிக்குப்பத்திலிருந்து புறப்பட்டேன், பூந்தமல்லியில் படகு ஏற. அங்கே கடல் கிடையாது என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்; என் மனைவி நினைவூட்டிவிட்டாள்.

படகு என் நண்பர் காதர் பாஷாவுடையது; அதன் மின்சார வேலையைப் பார்ப்பவன் நான். ஜவுளி வியாபாரி. பழவேற்காட்டு ஏரியில் மிதக்க வேண்டிய படகு, டிரெய்லரில் ஏறி அவர் கிடங்கு வாசலுக்கு வந்து நிற்கிறது. எஞ்சினோடு சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டு முறை கருகிவிட்டது. அவர் மனைவி மும்தாஜுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகமூடி வழியாகக் காற்று ஊதும் சிறு இயந்திரம் இல்லாமல் அவர் படுக்க முடியாது. படகில் அது ஓடுவது பேட்டரியில்தான். இன்னொரு முறை கருகினால் படகை விற்றுவிட வேண்டும் என்று மும்தாஜ் சொல்லிவிட்டார்.

மண்ணூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். புதிதாகக் காயில் சுற்றிய ஆல்டர்னேட்டரைப் பட்டறைக்காரர் செல்வம் நீட்டினார்.

"இன்னா சார், உங்க ஃபிரெண்டு இதுல வடை சுடுறாரா?"

பாடியில் பஸ் பிடித்தேன். மடியிலிருந்த கனத்தைக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது சார், மிக்ஸியா?"

"படகு சாமான்."

"பூந்தமல்லிக்கா? கரெக்ட்டு. மழைக்கு முன்னாடி ரெடி பண்ணிக்கினா நல்லதுதான்."

மதுரவாயல், வேலப்பன்சாவடி என்று லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகியிருந்தது. பாஷா ஏணி மேல் நின்றிருந்தார்.

"வாங்க சார். நான் எஞ்சினை மெதுவாத்தானே ஓட்டினேன்? இவ தூங்குறாளேன்னு சத்தமே வராம! அப்புறம் ஏன் கருகுது?"

அதனால்தான் கருகியது. ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் விசிறி எஞ்சினின் வேகத்தில்தான் சுற்றும். பழைய வகை பேட்டரி நிரம்ப நிரம்ப மின்சாரத்தைக் குறைவாகக் கேட்கும். இவர் புதிதாகப் போட்ட லித்தியம் பேட்டரியோ கடைசிவரை கிடைத்ததையெல்லாம் இழுக்கும். மெதுவாக ஓட்டினால் பாரம் முழுசு, காற்று கொஞ்சம். மனைவியின் தூக்கம் கலையக் கூடாதென்று ஆல்டர்னேட்டரை இரண்டு முறை சுட்டவர் இந்த வட்டாரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நான் புதிய ஏற்பாடு எதையும் கண்டுபிடிக்கவில்லை, விதிமுறைப்படி செய்தேன். எழுபது ஆம்பியர் ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு முப்பது ஆம்பியருக்கு மேல் விடாத சார்ஜர் ஒன்றை நடுவில் பொருத்தினேன். அளவுக்கு மேல் சூடானால் சார்ஜரை நிறுத்திவிடும் உணரியை ஆல்டர்னேட்டர் முதுகில் இறுக்கினேன். எஞ்சினைக் குளிர்விக்க ஏரிக்குப் பதிலாக ஒரு டிரம் தண்ணீர். வேகத்தைக் கூட்டி ஓட்டினோம். சூடு எண்பது டிகிரிவரை ஏறி, அங்கேயே நின்றது.

பாஷாவுக்கு ஆசை விடவில்லை. "அம்பது வெச்சா சீக்கிரம் ரொம்புமே சார்?"

கேபின் ஜன்னலிலிருந்து மும்தாஜ் தலையை நீட்டினார். "அந்தக் கையை எடுங்க. அண்ணன் வெச்சது வெச்சபடி இருக்கட்டும். உங்க சொந்த புத்தியைத்தான் ரெண்டு தடவை மோந்து பார்த்தாச்சே!"

ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். ஓர் இரவுக்குத் தேவையானது ஏறிவிட்டது. கருகல் வாடை இல்லை. எஞ்சினை நிறுத்தினோம். மும்தாஜ் யாரையும் கேட்காமல் முகமூடியை மாட்டிக்கொண்டு கேபினில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் மெல்லிய மூச்சு மட்டும் கேட்டது.

என் வீட்டில் மதியத் தூக்கத்துக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. மிக்ஸி ஓடும், சீரியல் ஓடும். இங்கே சரக்கு இறக்க வந்த லாரியையே பாஷா தெருமுனையில் மறித்து நிறுத்திவிட்டார். "ஹாரன் அடிக்காதே நைனா, உள்ளே ஆளு தூங்குது." டிரைவர் படகையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, எஞ்சினை அணைத்தார்.

நான் கிளம்பியபோது மும்தாஜ் விழித்திருந்தார். பாஷா ஏணியடியில் நின்று, விற்பதா வேண்டாமா என்று கேட்கத் தைரியமில்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்றார் மும்தாஜ், "இந்தத் தலகாணி சரியில்லை. பழவேற்காட்டுக்கு வேற எடுத்துக்கணும்."