பொரி நிறத்தில் ஒரு பூச்சி

எனக்குப் பொறாமை உண்டு. பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. இன்று ரங்கூன் தின்கன்ஜூனில் எனக்குச் சொந்த வீடும் கடையும் இருக்கின்றன. நான் நடந்து போனால் தெருவில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். அதிலும் ஒரு வருஷம் வாத்தியாருடைய மாட்டைத்தான் மேய்த்தேன். இவ்வளவு வந்த பிறகும் ஒருவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கைவலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூன் கியாக்டடாவில் ஒரு மரக் கம்பெனித் துரையிடம் ஆபீஸ் பியூனாக இருந்தேன். அதற்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாக் கரையில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்க வந்தவர்கள் ஆயிரம் பேர். துரையின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்.

அந்தத் துரைக்கு மீன்பிடிப் பைத்தியம். புழு கோத்துப் பிடிப்பதை அவர் மதிக்கமாட்டார். தூண்டில் முள்ளில் இறகையும் பட்டு நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதை நீளக் கழியால் தண்ணீர் மேல் வீசிப் பிடிக்க வேண்டும். சீமையிலிருந்து வந்த பூச்சிகளை ரங்கூன் மழைக்காலம் பெட்டிக்குள்ளேயே அழித்துவிட்டது. முள் துருப்பிடித்தது, இறகை அந்து தின்றது. துரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கெட்டுப்போன ஒன்றை எடுத்துப் போய், சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தேன். மறுநாள் காட்டுக்கோழிக் கழுத்து இறகு, தையற்காரரிடம் கேட்டு வாங்கிய பட்டு நூல், இரண்டையும் வைத்து அதே மாதிரி ஒன்று கட்டி மேஜையில் வைத்தேன். துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எது சீமை, எது டாலா என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை எனக்கு.

அன்று முதல் கோடைக்குக் கோடை வடக்கே போகும்போது என்னையும் கூட்டிப் போனார். பங்குனியில் ரங்கூன் ஸ்டேஷனில் ஏறுவோம். நடுவில் ஐராவதியைப் படகில் தாண்டி மறுபடி ரயில். மிச்சினாவில் இறங்கி, ஆற்றோடு படகில் மேலே. மழை தொடங்குவதற்கு முன் அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். மணலில் கூடாரம் அடித்து இரண்டு மாதம் இருப்போம். அங்கே உள்ள மீனைத் துரைமார் மாசீர் என்பார்கள். நம் ஊர்க் கெண்டையைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு செதிலும் வெற்றிலை அகலம்.

என் மனைவிக்கு இது ஒன்றும் பிடிக்காது.

"ரெண்டு மாசம் ஆத்துல நிக்கிறீங்க. வீட்டுக்கு ஒரு நெத்திலி வந்ததுண்டா?" என்பாள்.

"அது திங்கிறதுக்குப் பிடிக்கிற மீன் இல்லடி."

"அப்ப மீனுக்கும் உங்களுக்கும் அங்க என்னதான் வேலை?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? துரையின் கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. தூண்டிலில் சிக்கிய மீனை அள்ளும் கைவலை வைத்திருப்பவன்தான் முதல் ஆள். துரைக்கு இடப்பக்கம் இடுப்பளவு தண்ணீரில் அவன் நிற்பான். வீசுவதற்கு முன் துரை அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் தாடையை எந்தப் பக்கம் நீட்டுகிறானோ அந்தப் பக்கம்தான் வீசுவார். மீன் வலைக்குள் வரும்வரை வேறு எவனும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. ரங்கூனில் நூறு பேருக்கு உத்தரவு போடுகிற துரை, அங்கே என் தாடையைப் பார்த்து நின்றார். மூன்று கோடை நான் அப்படி நின்றேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறு எதுவும் தந்ததில்லை, வீடு கட்டியபோதுகூட.

நாலாம் கோடையில் அவன் வந்தான். படகுக்காரர்களோடு பேசுவதற்கு ஆள் வேண்டுமென்று துரை மிச்சினாவில் சேர்த்துக்கொண்டார். அப்பா நம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி, அம்மா பர்மாக்காரி. தமிழும் பேசுவான், பர்மியமும் பேசுவான், கச்சின் மலையாட்களின் பேச்சும் கொஞ்சம் வரும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பற்கள் வெள்ளையாக இருக்கும். அதைக் காட்டுவதற்கென்றே சிரிப்பான். வந்த அன்றே "அண்ணே" என்று என் படுக்கையை அவிழ்த்துப் போட்டான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் வாரம் மீன் கிடைக்கவில்லை. நான் தாடையை நீட்டிய இடமெல்லாம் தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. ஒரு காலை படகில் அவன் என் காதருகே வந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கரையில அத்தி மரம் பழம் உதிர்க்குது. மீன் இப்ப பழத்தத்தான் தின்னுது. செவப்பா ஏதாச்சும் கட்டிப் போடுங்களேன்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நான் டாலாவுல தூண்டி போட்டப்ப நீ பால்குடிச்சுக்கிட்டிருந்த."

"டாலாவுல போட்டது கெளுத்திக்குத்தானே அண்ணே!"

அவன் சிரித்தான். படகுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அவன் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள்.

துரை என்ன என்று கேட்டார். அவன் சொன்னான். துரை என்னைப் பார்த்துச் சிவப்புப் பூச்சி ஒன்று கட்டச் சொன்னார். என்ன செய்ய? கட்டினேன். நன்றாகத்தான் கட்டினேன், கெட்டதாகக் கட்ட என் கைக்கு வராது. அத்தி மரத்தடியில் முதல் வீச்சிலேயே கழி வில்லாக வளைந்தது. அரைமணி நேரம் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தார் துரை. நான் வலையோடு முன்னால் நகர்ந்தேன். துரை என்னைப் பார்க்காமலே, "வலையை அவனிடம் கொடு. அவன் மீன்" என்றார்.

பூச்சி என்னுடையது. மீன் அவனுடையது. நான் கரையில் மணலில் நின்றேன், படகுக்காரர்களோடு. என் வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் காய்வதற்குள் அவன் இன்னொரு மீனை வலையில் எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு பத்து நாள் துரை அவன் தாடையையே பார்த்தார்.

அந்தப் பத்து நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ருசிக்கவில்லை. அவன் எனக்கு எடுத்து வைத்த சோறு என்பதால் இன்னும் ருசிக்கவில்லை. "அண்ணே, நடுத்துண்டு உங்களுக்கு" என்று தட்டில் போடுவான். துரை இருக்கும்போதும் அப்படித்தான், இல்லாதபோதும் அப்படித்தான். நடிப்பாக இருந்தால் பொறுத்திருப்பேன்.

பதினோராம் நாள் மத்தியானம், மற்றவர்கள் தூங்கும்போது, நான் தனியாக ஆற்றோடு கீழே நடந்தேன். ஒரு வளைவுக்கு அப்பால் ஆழமான மடு. நான் முகம் கழுவக் குனிந்து தண்ணீரில் கை வைத்ததும், கீழேயிருந்து ஒரு நிழல் எழுந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பயப்படவே இல்லை. என் கைக்கு ஒரு முழத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று கோடையில் அந்த அளவு மீனை நான் கண்டதில்லை.

தண்ணீர் ஓரத்தில், வேர்களுக்கு நடுவே, ஊறிப்போன பொரி மிதந்தது.

அப்புறம் ரங்கூனில் எல்லோரிடமும் சொன்ன கதை வேறு. இங்கே உண்மையை எழுதுகிறேன். பொரியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்க் கோயில் குளத்திலும் பொரி போடுவோம். அந்த மீனை எவனும் தொடமாட்டான். மேட்டில் மூங்கில் புதருக்குப் பின்னால் புத்த மடத்தின் கூரை ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திருப்பாவிட்டால் பார்க்காததாகும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. திரும்பி வந்து, கொக்கின் வெள்ளை இறகை எடுத்து, பொரி அளவுக்கு, பொரி நிறத்துக்கு, பொரியைப் போலவே உப்பலாக ஒரு பூச்சி கட்டினேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒன்று அதற்கு முன்னும் கட்டவில்லை, பின்னும் கட்டவில்லை.

மறுநாள் காலையில் துரையிடம், "ஒரு வேளை மட்டும் எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வலையை அவனிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். படகை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் மடத்தின் கூரை தெரியாது.

துரையும் நானும் தண்ணீரில் இறங்கி நடந்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் தாடையை நீட்டினேன். வெள்ளைப் பூச்சி தண்ணீரில் விழுந்தது. விழுந்த சத்தம் அடங்குவதற்குள் மடு கொதித்தது. ஒரு மணி நேரம் துரை அந்த மீனோடு மல்லுக்கட்டினார். கடைசியில் வலைக்குள் தலை வந்தது. வால் வரவில்லை, வலை போதவில்லை. தூக்கிப் பிடித்தால் என் இடுப்பிலிருந்து தரை வரைக்கும் இருக்கும். துரை சின்னப் பையனைப் போலக் கத்தினார். இதைப் பாடம் பண்ணி ரங்கூன் கிளப்பில் மாட்டுவேன், நீ பிடித்த மீன் என்று எழுதியே மாட்டுவேன் என்றார்.

அப்போதுதான் மீனின் நெற்றியைப் பார்த்தேன். பகோடாவில் புத்தர் சிலைக்கு ஒட்டுவார்களே, அந்தத் தங்கத் தாள். கட்டை விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது.

துரை நூலை வெட்டிவிட்டுக் கழியை மடக்கிக்கொண்டிருந்தார். நான் வலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, கட்டை விரலால் தேய்த்தேன். கெட்டியாக ஒட்டியிருந்தது. அழுத்தித் தேய்த்தேன். அது மீனை விட்டு என் விரலுக்கு வந்தது. நிமிர்ந்தால், கத்தல் கேட்டுத் துடுப்போடு ஓடிவந்த படகுக்காரர்கள் இருவரும் கரையில் நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் நின்றான்.

படகுக்காரர்கள் துடுப்புகளைக் கீழே வைத்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், மடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நடந்து போய்விட்டார்கள்.

அவன் யாரிடமும் கேட்காமல் தண்ணீரில் இறங்கினான். "குடுங்கண்ணே, மூச்சு முட்டுது அதுக்கு" என்று வலையை என் கையிலிருந்து வாங்கி, மீனை வெளியே எடுத்து, ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றான். துரை சத்தம் போட்டார். அவன் மீனை விடாமலே, அது மடத்து மீன், பொங்கிச் சாமியார்கள் சோறு போட்டு வளர்ப்பது, தொட்டால் இந்த ஆற்றில் இனி ஒருவனும் நமக்குப் படகு ஓட்டமாட்டான் என்று விளக்கினான். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "அண்ணன் மேல தப்பில்ல துரை. அவர் ரங்கூன்காரர். அவருக்கு இதெல்லாம் தெரியாது."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். துரையின் கோபம் இறங்கிவிட்டது. "பாவம், தெரியாமல் செய்துவிட்டான்" என்கிற முகம். வலை எனக்கே திரும்பியிருக்கலாம்.

தெரியாதா? எனக்கா? மூன்று கோடை இந்த ஆற்றில் நின்றவனுக்கு, இவன் பிச்சை போடுகிற மாதிரி தெரியாதவன் என்ற பட்டமா?

"தெரியும்" என்றேன். "எல்லாம் தெரியும். பொரியைப் பார்த்துத்தான் அந்தப் பூச்சியையே கட்டினேன். அதன் வாயைப் பாருங்கள்."

துரை குனிந்து மீனின் உதட்டிலிருந்த பூச்சியைப் பார்த்தார். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் அண்ணே, ஏன்? நான்தான் சொல்லிட்டேன்ல?" என்று மெதுவாகக் கேட்டான். அவன் கைக்குள்ளிருந்து மீன் நழுவி, அவசரமில்லாமல், ஆழத்துக்குப் போனது.

துரை அன்றே பூட்ஸைக் கழற்றிவிட்டு மடத்துக்கு ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டார். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ரங்கூனுக்குத் திரும்பும் ரயிலில் சொன்னார்: "உன்னைப் போலப் பூச்சி கட்ட இந்த நாட்டில் ஆள் கிடையாது. நீ ரங்கூனில் இருந்து கட்டு. ஆற்றுக்கு அவன் போதும்."

அப்படியே ஆயிற்று. நான் கட்டிய பூச்சிகள் மற்றத் துரைமாருக்கும் போயின. அதுதான் பிறகு எனக்குக் கடையாயிற்று. "அந்தப் பிள்ளைக்கு நீங்க கோயில் கட்டணும்" என்பாள் என் மனைவி. கட்டமாட்டேன்.

கோடை முடிந்து மழை தொடங்கும்போது, அவன் துரையின் சாமான்களைக் கொண்டுவந்து சேர்க்க ரங்கூன் வருவான். கறுத்து, இளைத்து, ஆற்று வாசனையோடு என் வாசலில் வந்து நின்று "அண்ணே" என்பான். உட்காரச் சொல்வேன், டீ வரும். எந்தப் பூச்சிக்கு எந்த மீன் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். நான் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கேட்பேன். கடைசியில் நானேதான் கேட்கவேண்டி வரும்:

"பெரிசு எவ்வளவு இருந்துச்சு?"

அவன் எழுந்து நின்று தொடையில் கை வைத்துக் காட்டுவான். ஒரு வருஷம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு வருஷம் தொடை நடுவில். பொய் சொல்லத் தெரியாதவன். அவன் கை என் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"பரவால்ல, நல்ல மீன்தான்" என்று சொல்லி அவனுக்கு இன்னொரு டீ ஊற்றச் சொல்வேன். அன்று இரவு நன்றாகத் தூங்குவேன்.