இருபது வருஷத் தவணை

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஆறப்போட்டு எழுத எனக்கு வராது.

கொழும்பில் கடல் நீரோட்டங்களை ஆராய்கிறவள் நான். செயற்கைக்கோள் அளந்த கடல் மட்டம், ஆழத்தில் மூழ்கி எழும் மிதவைகள் அனுப்பும் சூட்டளவு, உப்பளவு எல்லாவற்றையும் கொடுத்துக் கணினியைப் பழக்குவோம். மேலே தெரிவதை வைத்து அடியில் நீர் எப்படி ஓடுகிறது என்று அது கற்றுக்கொள்ளும். அதைக் கொண்டு பல வருஷங்களில் இந்து சமுத்திரத்தின் ஓட்டம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்போம். இதில் முதல் வேலை, அன்றாட ஏற்ற இறக்கங்களைத் தேய்த்துச் சமன் செய்வது. வங்காள விரிகுடாவில் ஒரே நாளில் கொட்டுகிற மழை எங்களுக்கு வெறும் இரைச்சல். அதை நீக்கினால்தான் மெதுவான மாற்றம் கண்ணில் படும்.

அம்மா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு வெடித்திருக்கிறது. கை நுழையும் அகலம். அடைமழை என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஸ்கூலுக்குப் போக வேண்டும். மழை வெறித்ததும் திரும்பி வந்து பெரட்டில் நிற்க வேண்டும், வேலைக்குப் பேர் கொடுக்க. வேறிடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்ற பேச்சை நான் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்கிறேன்.

போன லீவில் நான் அங்கே இருந்தபோது, வீட்டு விஷயம் பேச பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைக் காம்பராவில் கூட்டம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“ஐயா, எம் மக கடல ஆராய்ச்சி பண்றா. கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்குறா. அவகிட்ட கேளுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்படியோ பிள்ளை? காலநிலை மாறுது எண்டு சொல்லுகினம். உங்கட ஆராய்ச்சியில அது எப்ப தெரியும்?”

படித்த புத்தியோடு நிதானமாகப் பதில் சொன்னேன். “கடல் ஓட்டம் மெதுவாத்தாங்க மாறும். தெளிவா தெரிய இன்னும் இருபது வருஷமாச்சும் ஆகும்.”

கப்பென்று பிடித்துக்கொண்டார். “கேட்டீங்களோ? உங்கட பிள்ளையே சொல்லுறா, இருபது வருஷம் இருக்கு. பிறகேன் அவசரம்? ஆறுதலா ஆராய்ஞ்சு செய்வம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நான் சொன்னது கடல, இந்த மலைய இல்ல! மலை சரிய ஒரு நாள் மழை போதும். அந்த ஒரு நாளத்தான் நாங்க தூக்கிப் போட்டுட்டு கணக்குப் பாக்குறோம்!”

“கோவிக்காதைங்கோ பிள்ளை” என்று சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். கடல் எவ்வளவு மெதுவாக மாறினாலும் இந்த மனுஷர்களின் ஆபீஸை முந்திவிடும்.

அதைவிட ஆத்திரம், சனங்களின் முகத்தில் தெரிந்த நிம்மதி. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப இருவது வருஷத்துக்குப் பயமில்லதானே?” என்றார். இல்லை, அப்படி இல்லை என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மூட்டை தூக்கி அலுத்தவர்களின் காதில் எது ஏறியதோ அதுதான் நின்றது.

போன கிழமை கொழும்பில், அதே விரிகுடாவின் ஒரு நாள் மழைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

“ஸ்கூலுக்குப் போயிட்டீங்களாம்மா?”

“இல்லடி. யாரும் போகல.”

“ஏன், கிளம்பணும்னு யாரும் வந்து சொல்லலையா?”

“சொன்னாங்க. நீதானே சொன்ன, இருவது வருஷம் ஆகும்னு.”

போனிலேயே கத்தினேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. அம்மா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள். மற்றவர்கள் லயத்திலேயே கிடந்தார்கள்.

மலை சரியவில்லை. இனி அடுத்த மழைக்கு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது. நான் சொன்னது பலித்துவிட்டதாம்.