றஊப்பின் குளுட்டதயோன் போத்தல்

தவராசா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலுக்குக் கயிறு கட்டியவர். வேலைநிறுத்தம் என்றால் முன்வரிசை. எந்த அதிகாரிக்கும் வளைந்ததில்லை. ஆனால் கிண்ணியா றஊப்பைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். அதை மறைக்க நான் தயாரில்லை.

இருவருக்கும் ஐம்பத்தேழு வயது. கப்பல் கயிற்றை இழுத்துவரும் ஒரே லோஞ்சுப் படகில் வேலை. வருடாந்தச் சோதனையில் இருவருக்கும் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் கயிறு இல்லை, வாசல் காவல் கதிரைதான். கயிறு இல்லாத தவராசாவைத் தவராசாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

றஊப்புக்கு மகள் சனூஸா கட்டாரிலிருந்து, ஈரலுக்கு நல்லதென்று குளுட்டதயோன் குளிசை அனுப்பினாள். போத்தல் இருவருக்கும் பொதுவான இரும்பு அலுமாரியில் இருந்தது. வாரத்துக்கு வாரம் றஊப் மெலிந்தார், முகம் தெளிந்தது.

“என்ன றஊப், ரெண்டாம் கலியாணமோ?” என்று லோஞ்சே சிரித்தது.

தவராசா சிரிக்கவில்லை. தன் மகன் திலக்சன் ஒரு போன்கூட எடுப்பதில்லையே என்று நினைத்தார். மதியம் றஊப் லுஹர் தொழப் போன நேரம் போத்தலைத் திறந்தார். தொழிலாளியின் பொருளில் கை வைக்காதே என்று துண்டுப்பிரசுரம் கொடுத்த அதே கை. அன்றிலிருந்து தினம் ஒன்று. குளிசை காப்பாற்றும் என்ற தைரியத்தில் மூன்று கரண்டி சீனிபோட்ட பால் தேத்தண்ணியும் இனிப்புப் பணிசும் தொடர்ந்தன.

மூன்றாம் மாதம் றஊப்புக்குக் குறைந்தது. தவராசாவுக்குக் கூடியது.

“குளிசையும் போட்டனான், டொக்டர்.”

“அந்தச் சத்தை உங்கட ஈரலே செய்யும், ஐயா. விழுங்கினா பெரும்பாலும் குடல்லயே உடைஞ்சிரும். சில சின்ன ஆராய்ச்சியள் நல்லமெண்டு சொல்லுது, உறுதியா ஒண்டுமில்லை. சீனிய விடுங்க. நடவுங்க.”

வெளியே றஊப் நின்றார்.

“உனக்கு மட்டும் எப்பிடி அந்தக் குளிசை வேலை செய்தது?” தவராசா சீறினார்.

“நான் ஒண்டும் விழுங்கல்ல மச்சான். புள்ளட மனசு நோகுமெண்டு வச்சிருந்தன். சீனிய விட்டன். விடிய கிண்ணியாப் பாலம் முழுக்க நடந்துதான் பஸ் ஏறுறன். போத்தல் குறையிறதக் கண்டனான். உனக்காவது சரிவரட்டும் எண்டு விட்டன்.”

பிடிபட்டது தவராசாவுக்குப் பெரிதாகச் சுடவில்லை. பெருந்தன்மையிலும் அவன் முந்திவிட்டானே, அதுதான் சுட்டது.

இப்போது அவர் வாசல் கதிரையில். அடுத்த சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம். உப்புவெளி வீட்டிலிருந்து நடந்தே வருகிறார், சட்டை நனைய.

“எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீ?” என்று றஊப்பை மறித்தார்.

“அஞ்சுக்கு.”

“நாளைக்கு நான் நாலரைக்கு.”