நூற்று எண்பத்தாறு மீட்டர்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, வெறும் புழுக்கம். நகரத்துக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஹோட்டலின் ஏழாவது மாடியில், ஜன்னல் திறக்க முடியாத ஓர் அறையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று காமிராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் தேய்ந்தவன். குனிந்து நிமிர இரண்டு தடவை நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள எதிர்த்தரப்பு ஒரு பெண் வக்கீலை அனுப்பியிருந்தது. முப்பது வயது இருக்கும். என் கைபேசியை வாங்கி உறையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் பேச அவளுக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு தடவை, "அங்கிள், ஏஸி கூட்டட்டா?" என்று கேட்டாள். கேட்டது தப்போ என்று உடனே திரையைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். கிழக்கேகோட்டையில், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆறு மாடி கார் நிறுத்தும் கோபுரம் கட்ட அனுமதி கேட்டது. அப்போது நான் அந்த அனுமதியைக் கொடுக்கும் துறையில் துணைச் செயலாளர். கட்டலாம் என்று இரண்டு தடவை குறிப்பு எழுதியவன் நான். வெளியூர்க் கார்கள் எங்கள் தெருவில் நின்ற நிற்பு அப்படி. ஒரு வெள்ளிக்கிழமை காலை அறுபத்தொன்று எண்ணியிருக்கிறேன். குறிப்பு எப்படியோ வெளியே தெரிந்து, கோபுரம் வேண்டாம் என்றிருந்த தெரு என்னை ஒதுக்கியது. கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நவராத்திரிக்கு என் மனைவியை யாரும் கூப்பிடவில்லை.

பிறகு மண் பரிசோதனைக்குத் துளை போட்டபோது, கோயில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய கல் கால்வாய் தட்டுப்பட்டது. அப்படி ஏதாவது கிடைத்தால் கட்டடத்தை நகர்த்த வேண்டும் என்று அனுமதியிலேயே இருந்தது. நாற்பது அடி தள்ளிக் கட்டுங்கள் என்றோம். கம்பெனி மறுத்தது. அனுமதியை ரத்து செய்யலாம் என்ற மூன்றாவது குறிப்பையும் நானே எழுதினேன். தெருவோ, தாங்கள் நடத்திய ஊர்வலத்தால் கோபுரம் நின்றது, அதுவும் என்னையும் மீறி நின்றது என்று பத்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தது.

கம்பெனி இங்கே வழக்குப் போட்டிருக்கலாம். வஞ்சியூரில் கோர்ட் இருக்கிறது. அது போகவில்லை. அந்த நாட்டோடு நம் நாடு எப்போதோ ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர்கள் ஊர் முதலாளி இங்கே பணம் போட்டு, அரசு அவரை நியாயமாக நடத்தவில்லை என்று அவர் நினைத்தால், நம் கோர்ட்டுகளைத் தாண்டி மூன்று நடுவர்கள் முன்னால் நேராக இந்திய அரசையே நிறுத்தலாம். ஒருவரை அவர் தேர்ந்தெடுப்பார், ஒருவரை அரசு தேர்ந்தெடுக்கும், மூன்றாமவர் பொது. மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது. அந்த ஒப்பந்தத்தை நம் நாடு பிறகு முறித்துக்கொண்டது. ஆனால் முறித்த பிறகும், ஏற்கனவே பணம் போட்டவர்களுக்குப் பதினைந்து வருஷம் அது செல்லும் என்று அதற்குள்ளேயே ஒரு பிரிவு இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகும் உள்ளேதான் இருக்கிறோம்.

இதைச் சாலை பஜாரில் மொத்த அரிசிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் விளக்க முயன்றேன். நாகர்கோவில்காரர். அடுத்த தெருவில் குடியிருப்பவர். என்னை ஒதுக்கிய காலத்திலும் ஏசுவதற்காகவாவது என்னோடு பேசியவர்.

"அப்போ நாளைக்குக் கார்ப்பரேஷன் எங் கடைய இடிச்சா, நானும் அங்க போலாமா சாரே?"

"முடியாது. நீங்க உள்ளூர்."

"கால்வாய் அடைஞ்சு தெருவுல தண்ணி ஏறினா, தெருக்காரங்க போலாமா?"

"அதுவும் முடியாது. கம்பெனிதான் அரசு மேல போட முடியும். அரசு கூட அங்க கம்பெனி மேல போட முடியாது."

"நாகர்கோவில்ல பொறந்தது தப்பாப் போச்சு," என்றார். "கடலத் தாண்டிப் பொறந்திருக்கணும்."

கம்பெனியின் மனுவில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ரத்துக் குறிப்பை எழுதிய அதிகாரி அதே பகுதியில் வசிப்பவர், சொந்த வசதிக்காகவே அரசின் முடிவைத் திருப்பினார் என்று. முப்பத்திரண்டு வருஷ வேலையில் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. டெல்லியிலிருந்து அரசுத் தரப்பு வக்கீல் சாட்சியாக வரச் சொன்னபோது நான் ஒப்புக்கொண்டது அந்த ஒரு பத்திக்காகத்தான். அது பொய் என்று அந்த மூன்று பேர் காதில் விழ வேண்டும்.

வக்கீல் சொல்லித்தான் அனுப்பினார். கேட்டதற்கு மட்டும் பதில், நீளமாகப் பேசாதீர்கள், தூரம் கேட்டால் சுமாராக என்று சொல்லுங்கள். விளக்கம் எல்லாம் நாளை நான் கேட்கும்போது சொல்லலாம். எதிர்த்தரப்பு விசாரணை முடிந்ததும் நம் தரப்பு மறுபடி கேட்க ஒரு முறை உண்டு.

திரையில் வந்த எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையான மனிதர். இரண்டு மணி நேரம் கோப்பின் பக்கங்களாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மணி ஐந்தாகும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உங்கள் வீடு கோட்டைக்குள்ளா? ஆமாம். சொந்த வீடா? ஆமாம். அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம்?

"நூற்று எண்பத்தாறு மீட்டர்," என்றேன்.

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அப்படியானால் அளந்திருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"வேறு கேள்வி இல்லை."

நான் எதையும் அளப்பவன். வீட்டிலிருந்து பால் கடை, பஸ் நிலையம், டாக்டர் வீடு எல்லாம் எத்தனை மீட்டர் என்று சொல்வேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நடுவில் இருந்த நடுவர் கையைக் காட்டி, நாளைக்குத் தொடரலாம் என்றார். என் சாட்சியம் முடியும்வரை வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றும் எச்சரித்தார். யாரிடமும் என்றால் என் தரப்பு வக்கீலிடமும்.

அன்றைய நெரிசலில் பஸ் கிழக்கேகோட்டை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மனைவி தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்ன கேட்டா?"

"சொல்லப்படாது."

"எங்கிட்டயுமா?"

"உங்கிட்டயும்தான்."

"நான் என்ன கம்பெனியா?" என்றாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மெதுவாக, "வீட்டைப் பத்திக் கேட்டாளா?" என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பது வார்த்தையில் சொல்லிவிடலாம். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் சொல்லாமல் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு படுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நல்ல மழை. அதே அறை, அதே நாற்காலி. என் விளக்கத்தை நான்கு வாக்கியமாகச் சுருக்கி மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டு முறை அனுமதிக்க எழுதினேன், அதனால் தெரு என்னை ஒதுக்கியது, கால்வாய் வந்தபின்தான் மாற்றினேன், தூரத்தை அளந்தது என் சுபாவம். மணி இரண்டரை ஆயிற்று, மூன்றேகால் ஆயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது. அந்தப் பெண் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, கைபேசி உறையை என்னிடம் நீட்டினாள்.

"போகலாம் அங்கிள். சமரசம் ஆயிடுச்சு."

ஏழாம் மாடி வராந்தாவிலேயே டெல்லி வக்கீலைக் கூப்பிட்டேன். அரசும் கம்பெனியும் முந்தின இரவு உடன்பட்டுவிட்டன, விவரம் ரகசியம், நீங்கள் நன்றாகச் செய்தீர்கள் என்றார். என் விளக்கம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இனி தேவையில்லை சார். கேஸே இல்லை."

"நேத்து நான் சொன்னது?"

"அது பதிவாகிவிட்டது. இருக்கும்."

என் கடைசி வார்த்தை அந்த "ஆமாம்"தான். எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதையும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெரியாததை வெளியிட முடியாது என்பதால்தான், யார் பேரும் இல்லாமல், இதை எழுதவாவது முடிகிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு பத்திரிகையில் அரைப் பத்தி வந்தது. மனுவில் இருந்த அந்தக் குற்றச்சாட்டைப் போட்டிருந்தார்கள். பேர் இல்லை. ஆனால் அந்தத் துறையில் அந்தப் பதவியில் இருந்து அந்தத் தெருவில் குடியிருப்பவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலை, பத்து வருஷமாக முகம் கொடுக்காதவர்கள் நின்று கும்பிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மார்கழியில் என் மனைவிக்கு மூன்று வீட்டிலிருந்து அழைப்பு. அரிசிக்கடைக்காரர் நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குள்ள இருந்தே காரியத்த முடிச்சிருக்கீங்க சாரே. நாங்க வெயில்ல கொடி பிடிச்சதெல்லாம் சும்மா. இது தெரியாம உங்கள என்னெல்லாம் ஏசியிருக்கேன்."

"நான் நிறுத்தல. கால்வாய்தான் நிறுத்திச்சு. கம்பெனி சொல்றது பொய்."

அவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்படியேதான் சொல்லணும், கேட்டோ. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

நேர்மையாக எழுதியபோது துரோகி. நேர்மை இல்லாதவன் என்று அச்சில் வந்ததும் மனிதன். பொன்னாடையை வேண்டாம் என்றேன். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள். மனைவி அழைப்புகளுக்குப் போய்விட்டு வந்தாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியில் அந்த நான்கு வாக்கியத்தைப் பிரமாணப் பத்திரமாக அடித்து, நோட்டரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, மூன்று நடுவர்கள் பேரும் எழுதி ஒரே உறையாக, நடுவர் மன்றத்தின் வெளிநாட்டு முகவரிக்குக் கூரியரில் அனுப்பினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. என் "ஆமாம்" இருக்கும் பக்கத்தோடு இதையும் சேர்த்து வையுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: அந்த நடுவர் மன்றம் கலைந்துவிட்டது, பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. திருப்பி அனுப்பிய செலவு அனுப்பியவரைச் சேர்ந்தது என்று கூரியர்காரர் வாசலில் நின்றார். முத்திரைத்தாள் இருநூறு, நோட்டரி ஐந்நூறு, தட்டச்சு நூற்றிருபது, இரண்டு ஆட்டோ நூற்று நாற்பது, போனதற்கு மூவாயிரத்து நூற்று நாற்பது, வந்ததற்கு இரண்டாயிரத்து நானூற்று எழுபது. மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூற்று எழுபது ரூபாய்.