இருபத்தைந்து டிகிரி

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாறில் ஒரு வீட்டு மாடியை அலுவலகமாக்கி, நாங்கள் ஐந்து பேர் கையடக்கக் கருவி ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஜவுளிக்கடைக் கிடங்கில் சரக்கை எண்ணிப் பதிவதற்கான கருவி. முதல் மாதிரியைத் தி. நகர் கடை ஒன்றின் கிடங்குக்காரரிடம் கொடுத்திருந்தோம். நாற்பது வயதுக்காரர், திருவல்லிக்கேணியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். மே மாதம் அவர் ஒரு புகாரோடு வந்தார்: மத்தியானத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதே இல்லை.

ஏறாதுதான். பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லித்தான் கருவியிலிருந்த சார்ஜர் சிப்புக்கான புரோகிராமில் எழுதியிருந்தோம். அவருடைய கிடங்குக்குத் தகரக் கூரை, ஃபேன்கூடக் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது அந்தச் சிப் ஒன்றுதான்.

ஏசி அறையை விட்டு இறங்காத மகானுபாவரான எங்கள் டீம் லீடர், பத்து நிமிடத்தில் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். புரோகிராமில் சூட்டை அளக்கும் வரியைத் தூக்கிவிட்டு, சிப் எப்போது கேட்டாலும் இருபத்தைந்து டிகிரி என்று பதில் வரும்படி மாற்றினார். சென்னையில், மே மாதத்தில், இருபத்தைந்து டிகிரி.

அப்போது ஊரெல்லாம் தரச் சான்றிதழ்ப் பைத்தியம் பிடித்திருந்தது. எந்த மாற்றத்தையும் அச்செடுத்து நான்கு பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு குறையாவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறை எழுதாவிட்டால் படிக்கவில்லை என்று அர்த்தமாம். ஒருவர் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். இன்னொருவர் இரண்டு இடத்தில் இடைவெளி அதிகம் என்றார். மூன்றாமவர் அடைப்புக்குறி அடுத்த வரியில்தான் வர வேண்டும் என்று கால் மணி நேரம் வாதாடினார். நடுவில் மசால் வடை வந்தது.

நான்காவது ஆள் நான். அந்த இருபத்தைந்தின் மேல் விரலை வைத்தேன். பேட்டரி வெடிக்கும் என்று சொன்னேன். டீம் லீடர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதைப் பெரிய குறைன்னு எழுதினா எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். வெள்ளிக்கிழமை டெலிவரி. சின்னதா ஏதாவது எழுதுப்பா."

எழுதினேன். 'இருபத்தைந்து என்று வெறும் எண்ணாக விடக் கூடாது. அதற்கு ஒரு பெயர் வைக்கவும்.' புரோகிராமில் எண்ணுக்குப் பெயர் வைப்பது எங்கள் தொழிலின் ஆசாரம். சாதாரண வெப்பம் என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் பெயர் வைத்தார்கள். நால்வரும் கையெழுத்திட்டோம். இத்தனை அறிவாளிகளை ஒரே அறையில் பார்ப்பது அபூர்வம்.

அடுத்த வாரம் கிடங்குக்காரர் போன் செய்து, இப்போது சார்ஜ் சூப்பராக ஏறுகிறது என்று நன்றி சொன்னார். அதற்கடுத்த வாரம் நேரில் வந்தார். வலது கை முழுக்கக் கட்டு. சார்ஜிலிருந்து எடுக்கும்போது பேட்டரி கையிலேயே வெடித்திருக்கிறது. இடது கையால் மஞ்சள் பையிலிருந்து கருகிய கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இன்னா சார், இத்த யாரும் பாக்காமயா குடுத்தீங்க?"

"நாலு பேர் பார்த்தோம்," என்றேன்.

கருவியைத் திருப்பி வாங்குவதற்கும் எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். வருடக்கணக்காகச் சரக்குப் பதிவேடு எழுதிய மனிதரால் பேனா பிடிக்க முடியவில்லை. டீம் லீடர் மைப்பெட்டியைத் திறந்து அவருடைய இடது கட்டைவிரல் ரேகையை வாங்கினார். அதன் கீழே சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.