மணல்திட்டில் வெட்டிய கால்வாய்

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவில் எனக்கு வேலை. மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஆற்றங்கரையில் முந்நூறு மரக்கன்று நட்டு வந்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்பது மேலாளரின் யோசனை. இந்த வெயிலில் நட்டால் எது பிழைக்கும் என்று கேட்டேன். டேங்கர் லாரியில் தண்ணீர் விடலாம் என்றார். தென்பெண்ணைக் கரையில், அணைக்கு மேலே ஓர் இடமும் பார்த்து வைத்திருந்தார். மறுநாள் காலை ஜேசிபி வந்து நிரவிக் குழியெடுக்கும், அதற்குள் இடத்தை அளந்துவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் போனேன். ஆறு ஒரு ஓரமாகச் சுருங்கியிருந்தது. மேலே பெங்களூரு நகரத்திலிருந்து வந்த நுரை பாறை இடுக்குகளில் அழுக்காக ஒட்டிக் கிடந்தது. நடு ஆற்றில் இருக்கவேண்டிய மணல்திட்டு, தண்ணீர் வற்றியதில் கரையோடு சேர்ந்துவிட்டிருந்தது. மேலாளர் கோடு போட்டுக் கொடுத்த காகிதத்தில் அந்தத் திட்டும் இருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்தேன். எங்கிருந்தோ நாலைந்து பறவைகள் கத்திக்கொண்டு வந்தன. கருந்தலை, மஞ்சள் அலகு, பிளந்த வால். ஒன்று என் தலையை உரசிப் போனது. ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்தேன்.

"அங்கயே நில்லுங்க. காலத் தூக்காதீங்க."

கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த பெண் சொன்னார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மெதுவாக வந்து, குனிந்து, என் செருப்புக்குப் பக்கத்தில் காட்டினார். கூடு என்று எதுவும் இல்லை. குதிகால் அழுத்தினாற்போல் ஒரு பள்ளம், அதில் மணல் நிறத்தில் மூன்று முட்டைகள். அடுத்து ஒன்று, அதைத் தாண்டி இன்னொன்று. நான் நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவரும் கணவரும் பரிசலில் மீன் பிடிக்கிறவர்கள். மீன் இல்லாத நாட்களில் அவர் ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவாராம். இப்போதெல்லாம் மீன் இல்லாத நாட்களே அதிகம் என்றார்.

"சுத்தித் தண்ணி இருந்தா நாய் வராதுங்க. இந்த வருசம் மாசியிலயே வத்திப்போச்சு. நேத்து மட்டும் நாலு குழி காலி."

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்தேன். மனிதர் கெட்டவர் அல்ல. கேட்டுக்கொண்டார், பறவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும், ஆடிட்டுக்குள் வேறு இடம் கிடைக்காது என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடிந்ததும் ஜேசிபிக்கு முன்னால் நான் அங்கே இருந்தேன். ஓட்டுநர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய ராகிக் கொல்லையில் முந்தின வாரம்தான் யானை புகுந்திருந்தது. முட்டைகளைக் காட்டினேன். இடம் எங்கே என்று நீங்கள் சொன்னால் போதும் மேடம் என்றார். சாலையோரத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். பஞ்சாயத்துக்குப் போன் செய்து அங்கே நட அனுமதி வாங்கினேன். மேலாளரிடம் சொல்லவில்லை. மதியத்துக்குள் குழி வேலை முடிந்தது. வண்டி திரும்பும்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. திட்டு கரையோடு ஒட்டுகிற இடத்தில் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் நாய் எப்படிப் போகும்?

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜேசிபியைத் திட்டுக்குத் திருப்பி வெட்டச் சொன்னேன். பத்து நிமிட வேலை. ஆற்றுத் தண்ணீர் வெட்டிய வழியில் புகுந்து திட்டைச் சுற்றிக்கொண்டது. பறவைகள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு முட்டைகளின்மேல் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மேலாளர் கோபப்பட்டு, இடத்தை மாற்றியதற்கு விளக்கம் எழுதி வாங்கினார். ஆனால் ஆடிட் நன்றாக முடிந்தது. கால்வாயைப் பற்றி அவருக்குத் தெரியாது.

பறவைகளைக் கவனிக்கிற கல்லூரி ஆசிரியை ஒருவரின் எண் கிடைத்தது. படங்களை அனுப்பினேன். ஆற்று ஆலா என்று பெயர் சொன்னார். குரலில் உற்சாகம் தெரிந்தது. கால்வாயைச் சொன்னதும் அந்த உற்சாகம் போய்விட்டது.

"ஆத்துல வெட்டுன இடத்துலதான் வெள்ளம் முதல்ல பாயும். மழை வந்தா என்ன செய்வீங்க?"

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஷிஃப்டில் இருக்கும்போது கேண்டீன் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். கைபேசியில் பெங்களூரு மழை நிலவரம் பார்ப்பேன். வேலை விட்டால் நேராக ஆற்றுக்கு. என்னைப் பார்க்கிறாயா, ஆற்றைப் பார்க்கிறாயா என்று என் கணவர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், நான்தான் எரிந்து விழுந்தேன். கால்வாயைத் தூர்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். தூர்த்தால் நாய்கள் வரும். நாளுக்கு இரண்டு முறை மனசு மாறியது.

சித்திரையில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. கோடை மழை எங்கள் பக்கம் புதிதல்ல. மாங்காய் காய்க்கிற காலத்தில் தூறி ஓய்வதுதான் வழக்கம். இது ஒரே மூச்சில் கொட்டியது. இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, நனைந்தபடியே போய்ச் சேர்ந்தேன். ஆறு நுரையைச் சுமந்துகொண்டு வந்தது. நான் வெட்டிய வழியில் தண்ணீர் அறைந்துகொண்டு ஓடியது. திட்டின் அந்த விளிம்பு துண்டு துண்டாக இடிந்து விழுந்தது.

அந்த அக்கா பரிசலை இழுத்துக்கொண்டிருந்தார். முட்டைகளைக் கூடையில் எடுத்து வந்துவிடலாம் என்றார். அக்காவின் கணவர் பரிசலை விடாமல் பிடித்துக்கொண்டு தெலுங்கில் அவரைத் திட்டினார். இந்த இழுப்பில் போனால் திரும்ப முடியாது என்பது எனக்கே புரிந்தது. ஆசிரியைக்குப் போன் செய்தேன். இறங்காதீர்கள், எடுத்து வந்தாலும் முட்டை பொரியாது, தாய் சேர்க்காது என்றார். மூன்று பேரும் கரையில் நின்றோம். பாதித் திட்டு எங்கள் கண்ணெதிரே போயிற்று. முட்டை இருந்த இடத்துக்கு நேர் மேலே, வெறும் நுரைக்கு மேல், பறவைகள் சிறகடித்துக்கொண்டே நின்றன.

மறுநாள் திட்டின் மேட்டில், முன்பே பொரிந்திருந்த இரண்டு குஞ்சுகள் மிஞ்சியிருந்தன. தாய் வெயிலை மறைத்து நின்றது. மற்றவை இல்லை.

அக்காவிடம் கேட்டேவிட்டேன், என்னால்தான் போயிற்றா என்று. ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"வெட்டலன்னா நாய் தின்னுருக்கும். வெட்டுனதால தண்ணி தின்னுச்சோ என்னமோ. வெட்டாட்டியும் அவ்ளோ தண்ணிக்கு நிக்குமான்னு தெரியல. எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

அந்த வாரமே மேலாளரிடம் கால்வாயைச் சொன்னேன். வெளியே சொல்லவேண்டாம் என்றார். என்னால் முடியவில்லை. ஆற்றுக்குப் பொறுப்பான அரசு அலுவலகத்துக்குப் போய், நான் செய்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பொறியாளர் அரை மணி நேரம் கடிந்துகொண்டார். கடைசியில், அடுத்த வருடம் எதுவானாலும் முன்கூட்டியே கேளுங்கள் என்றார்.

கேட்டேன். ஆசிரியையும் கூட வந்தார். மண்ணைத் தொடாமல் முள்வேலி மட்டும் போட அனுமதி கிடைத்தது. கால்வாயை வெள்ளமே மணலால் மூடி, திட்டு மறுபடி கரையோடு ஒட்டியிருந்தது. மாசியில் அக்காவும் அவர் கணவரும் நானும் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, திட்டின் கழுத்தில் ஆள் உயரத்துக்கு அடைத்தோம். கையெல்லாம் முள். நாய்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பறவைகள் போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் வந்தன. பெருமழையும் வந்தது, ஆனால் முட்டையிடுவதற்கு முன்பே வந்து போய்விட்டது. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து உடனே வரச்சொன்னார். போனபோது குஞ்சுகள் தண்ணீருக்கு மேல் தடுமாறிப் பறந்துகொண்டிருந்தன. ஒன்பது எண்ணினேன். அவர் பதினொன்று என்றார். மறுபடியும் எண்ணலாம் என்றேன்.

"பறக்கறத எப்படி எண்ணுவீங்க?" என்றபடி அவர் பரிசலைத் தண்ணீரில் தள்ளினார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.