சாமியின் கால் நனையும் மட்டம்

என் கொழுந்தன் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் கணவரின் தம்பி. கொடைக்கானலில் காட்டேஜ் நடத்துகிறான். ஆள் பார்க்கப் பரம சாது. குரலை உயர்த்தி அவன் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அதே மலையில், போளூர்ப் பக்கம் பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அதன் வளைவொன்றில், பாறையடியில் கசம் என்கிற ஆழமான மடு. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் அங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த மீனுக்குத் தண்ணீர் குளிர்ந்தும் இருக்க வேண்டும், ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். சித்திரையில் ஓடை மெலிந்துபோனால், மேலே கீழே இருக்கிற மீனெல்லாம் இந்தக் கசத்துக்குள் வந்து ஒடுங்கிவிடும். இதை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.

நான் இங்கே பல வருடமாகத் தூண்டில் போடுகிறேன். புழு கோப்பதில்லை. செண்பகனூர் கோழிக்கடையில் சேவல் இறகு வாங்கிவந்து, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிக் கட்டிப் பொய் ஈ செய்வேன். அதை நிஜ ஈ இறங்குகிற மாதிரியே தண்ணீர்மேல் போட வேண்டும். பொம்பளைக்கு இது என்ன சோலி என்று பஸ்ஸில் கேட்காதவர்கள் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

கோடையில் ஓடையின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். இரவெல்லாம் ஊறி வந்த தண்ணீர் விடியலில் கரையைத் தொட்டு நிற்கும். தோட்டங்களில் மோட்டார் போட்டதும் மளமளவென்று இறங்கும். சாயங்காலம் மோட்டார் ஓய்ந்ததும் மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தில்தான் மீன் மேலே வந்து ஈயைக் கவ்வும். மட்டம் ரொம்ப இறங்கிக் கிடக்கும்போது பிடித்தால், திரும்ப விட்டாலும் அது பிழைக்காது. அதற்குப் பெயர் மீன்பிடிப்பு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் பாக்கெட் அடிப்பது.

அதற்காகத்தான் கசத்தின் கரைச் சரிவில் ஒரு கல் நட்டேன். தண்ணீர் இதன் அடியைத் தொடாவிட்டால் தூண்டிலை எடுக்கக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டைப் பூசிவைத்தேன். நம் ஊரில் ஓடைக்கரையில் சிவப்பு பூசிய கல்லை நட்டால் என்ன ஆகும்? அடுத்த தடவை போனபோது கல்லுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. காலடியில் எலுமிச்சம்பழம்.

"இது கன்னிமாரு, அக்கா. யாரு வச்சதுன்னே தெரியல, தானா மொளச்சிருக்கு" என்றாள் பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு போட்டிருக்கும் பெண். "சாமி கால்ல தண்ணி படுற வரைக்குந்தான் மோட்டார் போடணும். கால் காஞ்ச பொறவும் ஒருத்தரு ஓட விட்டாரு, மோட்டாரு கருகிப்போச்சு. தாகத்தோட சாமி நிக்கையில நம்ம தண்ணி எடுத்தா வெளங்குமா?"

தண்ணீர் இல்லாமல் சேற்றை உறிஞ்சினால் எந்த மோட்டாரும் கருகத்தான் செய்யும். நான் வாயைத் திறக்கவில்லை. சாமியின் கால் காய்ந்துவிட்டால் அவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேட்டுக் குட்டையில் முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். கசத்தில் யாரும் கால் வைக்கவும் விடவில்லை. மீன் கோடையைத் தாண்டியது. எனக்கு அது போதும்.

இந்த நேரத்தில்தான் கொழுந்தனுக்கு யோசனை வந்தது. காட்டேஜுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய் ட்ரவுட் பிடிக்க வைப்பானாம். அதற்கு 'அனுபவம்' என்று பெயர் வேறு. சீசன் என்றால் சித்திரை வைகாசிதான். அப்போது பகலில் சாமியின் கால் காய்ந்து கிடக்கும். கசத்தில் இறங்கக்கூடாது என்று தோட்டக்காரர்கள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இதுக்கு என்ன மதினி பண்றது?" என்று என்னிடமே வந்து கேட்டான்.

"மழை பெய்யிற வரைக்கும் பொறுத்திரு."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். பொறுத்திருந்தானா?

போன கோடையில் ஒரு மத்தியானம் போனேன். மோட்டார்களெல்லாம் இரைந்துகொண்டிருந்தன. தண்ணீர் சாமியின் காலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் ஒருநாளும் பார்த்திராத அடிப்பாறை வெளியே தெரிந்தது. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் சரிவில் மேலே, கல் இருந்த பழைய குழி கண்ணில் பட்டது. கல்லைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி, மாலை போட்டிருந்தார்கள். கசம் குழம்பிப்போய் முழங்கால் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. புது ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் அதற்குள் நின்று, வாயைப் பிளந்த மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கொழுந்தன் சிரித்துக்கொண்டு நின்றான். நேரே அவனிடம் போனேன்.

"கல்லை யாருடா நகத்துனது?"

"மெதுவாப் பேசுங்க மதினி. சாமியப் போயி கல்லுங்கிறீங்க. என் கனவுல வந்து, தண்ணி எறங்கிப் போச்சு, நானும் எறங்கணும்னு சொல்லுச்சு. பூசை போட்டு எறக்கி வச்சோம்."

"அது சாமியில்ல! நான் நட்ட கல்லு! எங்க வீட்டுக் கேட்டுப் பெயிண்டு!" என்று ஓடைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

சத்தம் கேட்டு வந்த பூண்டுத் தோட்டத்துப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. "நீங்களே நட்டதா இருக்கட்டும்க்கா. அதுக்காக அதுல சாமி வரக்கூடாதா?" என்றாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடுத்த பஸ்ஸிலேயே வீடு திரும்பினேன்.

வீட்டில் என் கணவர், "விடு, சீசன் முடிஞ்சா சரியாயிரும்" என்றார். சீசன் முடியும்போது அங்கே மீன் இருக்குமா? இந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி வராது.

மறுநாள் வெள்ளனே கிளம்பினேன். பெயிண்ட் டப்பா, மஞ்சள் துணி, குங்குமம், சூடம் எல்லாம் பையில். ஓடையில் ஒரு கல்லைத் தேடி எடுத்து அந்தப் பழைய குழியிலேயே நட்டேன். இரவு ஊறிய தண்ணீர் அந்தக் குழி வரை ஏறவில்லை; மேல் தோட்டங்களில் அதற்குள் மோட்டார் போட்டுவிட்டார்கள். சிவப்பு பூசித் துணி கட்டி, சூடத்தையும் நானே ஏற்றினேன். மோட்டார் போட வந்தவள் நின்றுவிட்டாள்.

"இது யாரு, அக்கா?"

"மூத்தவ. கன்னிமார் ஏழு பேராச்சே, தங்கச்சிய மட்டும் தனியா எறக்கிவிட்டா பெரியவ சும்மா இருப்பாளா? தங்கச்சி கால் நனையிறது பத்தாது. அக்கா காலும் நனையணுமாம்."

என் முகத்தைப் பார்த்தாள். சிவப்பு அப்பியிருந்த என் விரல்களையும் பார்த்தாள். பிறகு புதுக் கல்லைக் கும்பிட்டுவிட்டு மேல் தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏலே, மோட்டார வெரசா நிறுத்துங்கலே! பெரியவ கால் காஞ்சு கெடக்கு!"

ஒவ்வொரு மோட்டாராக ஓய்ந்தது. வெயில் சாயும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரிய மீன்கள் சில வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கியிருந்தன. அவற்றுக்கு நான் பிந்திவிட்டேன். ஆனால் தண்ணீர் ஏற ஏற, பாறை நிழலில் சின்ன மீன் ஒன்று மேலே வந்து எதையோ கவ்விவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கொழுந்தனின் ஜீப் வந்து நின்றது. பூண்டுத் தோட்டத்துப் பெண் அவனைச் சரிவிலேயே மறித்து, "செருப்பக் கழட்டுங்க. இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது" என்றாள். கழற்றினான். விருந்தாளிகள் முன்னால் பயபக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு என் பக்கம் வந்து, அதே சாதுக் குரலில், "நல்லது மதினி. ஏழு பேர்ல இன்னும் அஞ்சு பேரு பாக்கி இருக்காங்க" என்றான். அவன் கண் கசத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இருந்தது. மீதிப் பேரை அங்கே இறக்கிவிடப் பார்க்கிறான் என்று புரிந்தது.

பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கல் பொறுக்கப் போனேன். இருட்டுவதற்குள் ஐந்தையும் நட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன், ஐந்தையும் மேட்டில்.